அயலார்க்குத் தூய தோல், தமிழர்க்கு உப்பாறு

செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே, மகேந்திரப் பல்லவன் பாறையைக் குடைந்து கோயிலெடுத்த சீயமங்கலத்தைச் சூழ்ந்த மேட்டுநிலம் போன்ற வறண்ட நிலங்களில், மழை பொய்த்த ஆண்டிலும் மஞ்சட்பூ மறவாத செடியொன்று உண்டு. அஃது ஆவிரை. மடலேறத் துணிந்த தலைவன் அதன் பூமாலையை மடல்மாவுக்குச் சூட்டியதாகக் குறுந்தொகை கூறும். குறிஞ்சிப்பாட்டின் பூவடுக்கிலும் அதற்கு இடமுண்டு. புலவர்க்குப் பூ பயன்பட்டது. தோல் பதனிடுவார்க்குப் பட்டை பயன்பட்டது. ஆவிரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரிலே தோலைக் கிழமைக் கணக்கில் ஊறவைத்துப் பதப்படுத்துவது தமிழகத்தின் பழந்தொழில். அவ்வாறு பதனிட்ட தோலை ஆங்கிலேயர் 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயரிட்டுக் கப்பலேற்றினர். தோல் வாணிகம் தமிழர்க்குப் புதிதன்று. புகாரின் மருவூர்ப் பாக்கத்தில் தோல் தைத்து வாழ்ந்தோர் இருந்தமையைச் சிலம்பே சொல்லும்.

புதியது எதுவெனின், அத்தொழிலால் ஓர் ஆறு செத்தமையே. அதனினும் புதியது, அச்சாவைத் தடுப்பதற்கு இட்ட சட்டங்களே வாணிகத்தைக் கெடுக்கின்றன என்னும் கூக்குரல்.

"சுற்றுச்சூழற் கட்டுப்பாடு இறுகினால் சரக்கின் அடக்கவிலை ஏறும், அடக்கவிலை ஏறினால் அயல்நாட்டு வணிகன் வங்காளதேசத்துக்கும் சீனத்துக்கும் வியத்துநாமுக்கும் போய்விடுவான், ஆலைகள் மூடப்படும், தொழிலாளி தெருவில் நிற்பான்." ஏற்றுமதியாளர் கூட்டங்களில் ஐம்பதாண்டுகளாக ஒலித்துவரும் பாட்டு இது. இதனை முற்றும் பொய்யென்று தள்ளிவிடுதல் நயனன்று. கழிவுநீரைத் தூய்மிக்கப் பணம் வேண்டும்; அப்பணம் எங்கிருந்தேனும் வரவேண்டும். ஆனால் இக்கூற்று இருவேறு வகையான கட்டுப்பாடுகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. ஒருவகை சரக்கைப் பார்ப்பது. மற்றொரு வகை அச்சரக்குச் செய்யப்படும் வினையைப் பார்ப்பது. முன்னது அயலாரால் இடப்படுவது. பின்னது உள்நாட்டு அரசால் இடப்படுவது. இவ்விரண்டில் எது நிறைவேறிற்று, எது நிறைவேறவில்லை என்று பார்த்தால் உண்மை தானே வெளிப்படும்.

1989-ஆம் ஆண்டின் இறுதியில் செருமனி ஒரு சட்டம் செய்தது. தோலில் பூசணம் பிடியாதிருக்கத் தடவப்பட்டுவந்த பென்டாகுளோரோபீனால் என்னும் நச்சுப்பொருள், கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் சரக்கு உள்ளே நுழையக்கூடாது என்பது அச்சட்டம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் அன்றெழுந்த கலக்கம் சிறிதன்று. செருமனியோ அவர்களின் பெருங்கொள்முதலாளர். என்ன நடந்தது? மாற்றுப்பொருள் தேடப்பட்டது. சென்னை அடையாற்றிலுள்ள நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம் துணைநின்றது. ஆய்வுக்கூடங்கள் எழுந்தன. ஓரிரண்டு ஆண்டுகளில் அந்நஞ்சு சரக்கிலிருந்து நீங்கியது. அடுத்து 1994-இல் அதே செருமனி, புற்றுநோய் விளைக்கும் பொருளாகப் பிரியக்கூடிய அசோச் சாயங்களைத் தடுத்தது. 1997-இல் தில்லி அரசு 70 அசோச் சாயங்களை இந்நாட்டிலும் தடைசெய்தது. மூன்றே ஆண்டு!

இப்பொழுது மற்றொரு கணக்கைப் பார்க்க. ஆறுகளில் கழிவு கலத்தலைத் தடுக்கும் நீர்ச்சட்டத்தை இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஆண்டு 1974. ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கேடு செய்யும் ஆலைகள் அமையக்கூடாதென்று தமிழக அரசு ஆணையிட்ட ஆண்டு 1989. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச வழக்குமன்றம் தீர்ப்புரைத்தது 1996 ஆகசுட்டு 28 அன்று. நீர்ச்சட்டம் பிறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த அந்நாளிலும், ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 900 தோல் ஆலைகளின் கழிவைப் பற்றியே வழக்குமன்றம் பேச வேண்டியிருந்தது. செருமானியன் கால்தோலுக்கு வரக்கூடிய அரிப்பு இரண்டாண்டில் தீர்ந்தது. பாலாற்று உழவனின் கிணற்றுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகியும் வழி பிறக்கவில்லை.

அத்தீர்ப்பில் கண்ட செய்திகளை மாணவரும் மனப்பாடம் செய்யலாம். ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 இலிட்டர் நீர் வேண்டும். அவ்வினையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் புகுகின்றன. வேளாண் பல்கலைக்கழகத்தார் கணக்கின்படி, தோல் ஆலைகள் சூழ்ந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் நிலம் பகுதியாகவோ முற்றாகவோ பயிருக்கு உதவாதாயிற்று. திண்டுக்கல் வட்டாரத்து 13 சிற்றூர்களில் பார்வையிட்ட 467 கிணறுகளுள் 350 கெட்டிருந்தன. தோல் வாணிகம் அயல்நாட்டுப் பணம் ஈட்டித் தருவது, பலர்க்கு வேலை தருவது என்பதை வழக்குமன்றம் மறுக்கவில்லை. அதற்காக நிலத்தையும் நீரையும் அழிக்கும் உரிமை அதற்கில்லை என்று கூறிவிட்டது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 உருபா தண்டம் விதித்தது. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது.

ஆவிரம்பட்டை எப்படிக் குரோமியத்துக்கு இடம்விட்டது என்பதையும் கூறவேண்டும். பட்டையில் பல கிழமை ஊறவேண்டிய தோல், குரோமிய உப்பில் ஒருநாளில் பதமாகும். மென்மையும் வெம்மை தாங்கும் வன்மையும் மிகும். மேலைநாட்டுச் செருப்புக்கும் கையுறைக்கும் அதுவே வேண்டப்பட்டது. 1972-இல் அமைந்த சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, பச்சைத்தோலின் ஏற்றுமதியைத் தடுத்தும், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியும், முழுமையாக முடித்த தோலையும் தோற்பொருளையுமே அனுப்ப வேண்டுமென்று தில்லி கொள்கை வகுத்தது. அக்கொள்கையில் நன்மை உண்டு. மதிப்பேறிய சரக்கு விற்றால் வேலையும் கூலியும் உள்ளூரில் தங்கும். ஆனால் வேலை தங்கிய இடத்தில் கழிவும் தங்கும் என்பதை அக்கொள்கை எண்ணிப் பார்க்கவில்லை. மேலைநாடுகள் தத்தம் ஆறுகளைக் காக்கச் சட்டமிறுக்கிய காலமும் அதுவே. ஆங்குக் கடினமாகிவிட்ட அழுக்குவேலை ஈங்கு வந்து சேர்ந்தது. செருமானியன் இரைன் ஆற்றைக் கழுவிக்கொண்டான், பாலாறு அழுக்கேற்றது.

பலரும் குரோமியத்தையே பெருங்கேடென்று எண்ணுகின்றனர். அஃது அரையுண்மை. உழவனின் கிணற்றைக் கொன்றது பெரும்பாலும் உப்பு. உரித்த தோல் அழுகாதிருக்க உப்பிட்டுக் கொணர்வர். ஆலையில் முதல்வேலை அவ்வுப்பைக் கழுவி வெளியேற்றுவதே. பின்னும் ஊறலில் உப்புச் சேரும். இவ்வுப்பு நீரிற் கரைந்துவிடுவதால், பொதுவான தூய்மிப்பு நிலையங்களால் அதனைப் பிரிக்கவியலாது. எதிர்ச்சவ்வூடு பரவலும் கொதித்து ஆவியாக்கலும் வேண்டும். இரண்டும் மின்செலவு மிக்கவை. இனி ஒன்றை எண்ணுக. அந்த உப்பு சரக்கோடு கப்பலேறுவதில்லை. ஆம்பூரின் கரையிலேயே தங்கிவிடுகிறது. ஆகலின் எந்த அயல்நாட்டுச் சட்டமும் அதனைப் பற்றி வாய்திறக்கவில்லை! பென்டாகுளோரோபீனாலுக்குச் சட்டமுண்டு, சாயத்துக்குச் சட்டமுண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே முதல் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்துக்கும் சட்டமுண்டு. வாங்குவோன் தோலைத் தொடாத உப்புக்கு மட்டும் சட்டமில்லை.

அந்த ஆறிணைக் குரோமியத்தின் கதை இன்னும் கொடிது. அது புற்றுநோய் விளைப்பது. ஐரோப்பியர் அணியும் தோற்பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாது. அவ்வெல்லையைத் தாண்டாதிருக்க இங்குள்ள ஆலைகள் ஆய்வுச் சான்று பெற்றே சரக்கனுப்புகின்றன. தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்பு செய்த தமிழ்நாடு குரோமேட்சு அண்டு கெமிக்கல்சு என்னும் ஆலை இராணிப்பேட்டையில் இருந்தது. 1990-களின் நடுவில் அது மூடப்பட்டது. மூடியோர் விட்டுச்சென்றது இலக்கம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவுக்குவியல். ஆண்டுதோறும் மழை அதன்மேல் பெய்தது. மஞ்சள்நீர் மண்ணுள் இறங்கியது. அங்கே அளவு மில்லிகிராம். இங்கே அளவு டன்.

அதே இராணிப்பேட்டையில் 2015 சனவரி 31 அன்று விடியுமுன், தோல் ஆலைகளின் பொதுத் தூய்மிப்பு நிலையத்தில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவருட் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். அவ்வாலைகளின் தோலில் தைத்த செருப்பு எதிலும் அச்சேற்றின் கறை இருந்திராது.

செஞ்சி வட்டத்து உழவர் மல்லாட்டை என்று வாயினிக்கச் சொல்லும் நிலக்கடலைக்கும் இவ்விரட்டை அளவுகோல் உண்டு. கடலையில் பூசணத்தால் தோன்றும் அபிளாடாக்சின் என்னும் நஞ்சு, நேரே உண்ணும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 1998-இல் வரையறுத்தது. மேலும் பதப்படுத்தவிருக்கும் கடலைக்கு அனைத்துலக உணவுத்தர ஆணையம் வகுத்த அளவு 15. ஐரோப்பிய அளவு வேண்டா மிகையென்று வாணிகநூலார் வழக்குரைத்தனர், இருக்கலாம். ஆனால் அயலார் தள்ளிய கடலையை உண்பவர் யார், அறுவடை முடிந்த களத்திலே அதனை ஈரமின்றி உலர்த்த உழவனுக்கு ஏந்து செய்துகொடுப்பவர் யார் என்னும் வினாக்களை அவ்வழக்குரையாளர் எழுப்பவில்லை.

சரக்கை மட்டுமே பார்ப்பது வாணிகச் சட்டத்தின் இயல்பென்று சிலர் சொல்லக்கூடும். அன்று. வேண்டும்போது அயலார் வினையையும் பார்ப்பர். கடலாமைகள் இறால்வலையிற் சிக்கிச் சாகின்றன என்று கூறி, ஆமை தப்பும் பொறி பொருத்தாத நாடுகளின் இறாலை அமெரிக்கா தடுத்தது. இந்தியா, மலேசியா, பாக்கித்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வாணிக அமைப்பில் வழக்காடின. 1998-இல் வந்த முடிவு, அமெரிக்கா அத்தடையை நாடுகளிடையே ஓரவஞ்சனையாகக் கையாண்டதென்று கண்டித்தது. ஆனால் அழியும் உயிரைக் காக்கத் தடையிடலாம் என்னும் கொள்கையைத் தள்ளவில்லை. ஆமைக்காக இறால் நிறுத்தப்பட்டது. உழவனுக்காகத் தோல் நிறுத்தப்பட்டதுண்டா? இன்று ஐரோப்பிய ஒன்றியம் இரும்பு, அலுமினியம், சிமிட்டி, உரம் முதலியவற்றைச் செய்கையில் வெளிப்படும் கரிவளிக்குக் கணக்குக் கேட்கிறது. 2023 அக்டோபரில் கணக்களவில் தொடங்கிய அம்முறை, 2026 முதல் இறக்குமதியாகும் சரக்குக்குக் கட்டணமும் விதிப்பது. இதுவும் வினையைப் பார்ப்பதே. கரியின் புகை எல்லை தாண்டி அவர் வானத்தையும் சுடும். பாலாற்றின் உப்பு எல்லை தாண்டாது. வேறுபாடு அவ்வளவே.

ஆகலின் அயலாரின் சட்டம் தமிழகத்து ஆற்றைக் காக்கும் என்று காத்திருத்தல் பேதைமை. உள்நாட்டுச் சட்டம் வாணிகத்தைக் கொல்லும் என்னும் அச்சமோ? அதற்குத் திருப்பூர் விடைதரும்.

நொய்யலாற்றின் குறுக்கே உழவுக்கென ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டிமுடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுக்குட்டையாயிற்று. எந்த உழவர்க்காக அணை எழுந்ததோ அவ்வுழவரே அதன் நீரைத் திறவாதீரென்று மன்றாடும் நிலை வந்தது. உலகில் வேறெங்கும் இப்படியொரு வேண்டுகோள் எழுந்திருக்குமா என்பது ஐயமே. 2006 திசம்பரில் சென்னை உயர் வழக்குமன்றம், ஒருதுளிக் கழிவும் ஆற்றில் விழலாகாது என்றது. அதுவரை விடும் நீருக்கு இலிட்டருக்கு 6 காசு முதல் 10 காசு வரை தண்டம் விதித்தது. பத்துக்காசு! புட்டியில் அடைத்த குடிநீரின் விலையை அறிந்தோர் நகைக்காதிருக்க இயலாது. 2009-இல் உச்ச வழக்குமன்றமும் கட்டளையை உறுதிசெய்தது. பட்டறைகள் அப்பொழுதும் அசையவில்லை. 2011 சனவரி 28 அன்று எழுநூற்றுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் மூடுமாறு உயர் வழக்குமன்றம் ஆணையிட்டது.

பின்னலாடைத் தொழில் இனி இல்லை என்று அன்று பலரும் ஓலமிட்டனர். துன்பம் மெய்யே. தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். சிறுபட்டறைக்காரர் கடனில் மூழ்கினர். துணி வெளிமாநிலம் சென்று சாயமேறி வந்தது. வேறு ஆற்றங்கரைகளுக்குக் கள்ளத்தனமாக நகர்ந்த பட்டறைகளும் உண்டு. அதனை மறைத்தல் கூடாது. தமிழக அரசு பொதுத் தூய்மிப்பு நிலையங்களுக்கு 200 கோடி உருபா வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நிலையங்கள் செப்பமாயின, நீரையும் உப்பையும் மீட்டெடுத்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறை நிலைபெற்றது. 2010-11-இல் ஏறத்தாழ 12,000 கோடி உருபாவாக இருந்த திருப்பூரின் ஏற்றுமதி, 2024-25-இல் ஏறத்தாழ 40,000 கோடியை எட்டியது. இடையில் உருபாவின் மதிப்பு வீழ்ந்ததைக் கழித்துப் பார்த்தாலும் வளர்ச்சி வளர்ச்சியே. நீர் மீட்டலால்தான் இவ்வளவும் வந்ததென்று யாரும் சொல்லார். ஆனால் நீர் மீட்டலால் தொழில் செத்தது என்று இனி எவரும் சொல்லவியலாது.

வங்காளதேசத்துக்கு வாணிகம் போய்விடும் என்போர் அந்நாட்டின் கதையையும் படிக்கட்டும். தாக்கா நகரத்து அசாரிபாக்கில் கழிவை நேரே ஆற்றில் விட்டுவந்த தோல் ஆலைகளை அந்நாட்டு வழக்குமன்றக் கட்டளை 2017-இல் மூடுவித்தது. ஆலைகள் சாவாருக்குப் பெயர்ந்தன. அங்கும் தூய்மிப்பு நிலையம் நிறைவெய்தவில்லை. 2005-இல் தோன்றிய, ஆங்கிலத்தில் இலெதர் ஒர்க்கிங் குரூப்பு எனப்படும் தோற்பணிக் குழு, ஆலையின் நீர்ச்செலவையும் கழிவையும் ஆய்ந்து சான்று வழங்குவது; பெரும்பெயர் கொண்ட வணிகர் அச்சான்றைக் கேட்கின்றனர். அச்சான்று பெரும்பாலான சாவார் ஆலைகளுக்குக் கிட்டாமையால், அவற்றின் தோல் மேலை அங்காடி இழந்து குறைந்த விலைக்குச் சீனம் போக நேர்ந்தது. அழுக்கால் மலிவு விளையும் என்றோர் எதிர்பார்த்தது இதுதானா?

மலிவு என்பதன் பொருளையும் தெளிதல் வேண்டும். ஆலை தன் கழிவைத் தூய்மிக்காமல் விடும்போது அச்செலவு மறைந்து போவதில்லை. கிணறு கெட்டவன், பயிர் கருகியவன், குடிநீருக்குக் குடத்தோடு நடப்பவள் ஆகியோர் கணக்கில் அது பற்றெழுதப்படுகிறது. மலிவான செருப்பை வாங்கும் அயலானுக்கு வாணியம்பாடி உழவன் ஒவ்வோர் இணைக்கும் நல்கை கொடுத்துக்கொண்டிருக்கிறான். ஏற்றுமதியாளனோ தான் திறமையால் வென்றதாக மார்தட்டுகிறான். 1996 தீர்ப்பின் வழியமைந்த ஆணையம் 2001 மார்ச்சில் இழப்பைக் கணக்கிட்டது. கேடுற்றோர் 29,000-க்கும் மேற்பட்டோர். மொத்த இழப்பீடு ஏறத்தாழ 27 கோடி உருபா. தலைக்குப் பத்தாயிரமும் தேறாது. ஒரு தலைமுறையின் நிலம் போனதற்கு விலை இவ்வளவே. அத்தொகையையும், பின்னர் 2009-இல் அறுதியிட்ட தொகையையும், இன்னும் கொடுபடாதவர்க்கு ஆறு கிழமைக்குள் அரசே கொடுத்துவிட்டு ஆலைகளிடம் தண்டிக்கொள்ள வேண்டுமென்று உச்ச வழக்குமன்றம் ஆணையிட்ட நாள் 2025 சனவரி 30. ஏற்றுமதிச் சரக்கு ஒருகிழமை தாழ்ந்தால் தந்தி பறக்கும் நாட்டில், இழப்பீடு இருபத்துநான்கு ஆண்டு தாழ்ந்தது.

சிறுதோலாலைக்காரனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் போதாது. அவனிடம் வாங்கும் பெரும்பெயர் வணிகன் ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே தூய்மைச் சான்றும் கேட்கிறான். தூய்மைக்குரிய பணத்தை விலையில் ஏற்றிக் கொடுக்க மறுக்கிறான். ஆலைகள் ஒவ்வொன்றாய் நின்று அவனோடு பேரம்பேசுங்காறும் இது மாறாது. வட்டாரத்தார் அனைவரும் ஒரேயளவு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டால், தூய்மித்தவன் தோற்று, ஏமாற்றியவன் வெல்லும் நிலை ஒழியும். கண்டிப்பான சட்டம் ஒழுங்கான தொழிலாளனுக்குப் பகையன்று. அவனுக்கு அதுவே காப்பு.

2025 சூலை 24 அன்று இந்தியாவும் பிரித்தானியாவும் வாணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி, தோற்பொருளுக்கும் செருப்புக்கும் 16 விழுக்காடு வரை இருந்த சுங்கம் இல்லாதாகும். ஆம்பூரில் கொள்முதல் பெருகும், தோல் பெருகும், நீர்ச்செலவும் உப்பும் பெருகும். நூறு உருபாச் செருப்பில் பதினாறு உருபா வரை மிஞ்சப்போகிறது. அதில் எத்துணை இறக்குமதியாளனுக்கு, எத்துணை ஆலைக்கு என்னும் பேரம் தொடங்கும். அப்பேரத்தில் பாலாற்றுக்கு என்று ஓர் உருபா ஒதுக்கச் சொல்லித் தமிழக அரசு இப்பொழுதே கேட்டாக வேண்டும். அவ்வுருபாவைக் கொண்டு செய்யவேண்டிய முதற்பணி, உப்பை மழைநீரிற் கரையவிடாமல் கூரையின்கீழ் வைத்துக் காப்பது. அடுத்தது, இராணிப்பேட்டைக் குவியலைக் கரைப்பது. அதற்கடுத்தது, 2001-இல் பெயர் பதிந்த உழவருள் இன்னும் உயிரோடிருப்பவர் வீடுதேடிச் சென்று பணத்தைக் கையிற் கொடுப்பது.